மாணவர்களின் இணைய உலகமும் நம் வகுப்பறையும்: ஆசிரியர் அனுபவப் பகிர்வு

கணித ஆசிரியர், எட்டாம் வகுப்பு

சென்ற ஆண்டு பாடநூலின் 67ஆம் பக்கத்தைத் திறக்கச் சொன்னபோது, வகுப்பில் பாதிப் பேர் "சிக்ஸ் செவன்" என்று கூவி, இரு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி வைத்துத் தராசுத் தட்டுகளைப் போல மாறி மாறி ஏற்றி இறக்கினார்கள். அமெரிக்க ராப் பாடல் ஒன்றிலிருந்து கிளம்பி ரீல்ஸ் வழியாக உலகைச் சுற்றிய கூச்சல் அது என்பதையும், டிக்‌ஷனரி.காம் 2025ஆம் ஆண்டின் சொல்லாக அந்த எண்ணையே தேர்ந்தெடுத்தது என்பதையும் பின்னர்தான் படித்தேன். அன்றைக்கு எனக்கு விளக்கம் சொன்னவர்கள் கடைசி வரிசை மாணவர்கள் இருவர். கரும்பலகைக்கு அருகில் வந்து கணக்குப் போடத் தயங்குபவர்கள், இதை விளக்க மட்டும் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் 67இன் வர்க்கத்தைக் காணச் சொன்னேன், 4489 வந்தது. அடுத்து 667இன் வர்க்கம், 444889. அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. 6667க்கு 44448889 வரும் என்று ஒரு மாணவி பெருக்கிப் பார்க்காமலேயே கூறினார். மற்றவர்கள் நம்பாமல் தாளில் பெருக்கிச் சரிபார்த்தார்கள். ஏன் இப்படி வருகிறது என்ற கேள்வி தானாக எழுந்ததால், 67ஐ மூன்றால் பெருக்கினால் 201 கிடைப்பதையும், 201இன் வர்க்கமான 40401ஐ ஒன்பதால் வகுத்தால் 4489 வருவதையும், 667க்கு இதே வேலையை 2001 செய்வதையும் காட்டினேன். 200ஐயும் 1ஐயும் (a+b)² = a²+2ab+b² என்ற முற்றொருமையில் பொருத்தியபோது, வழக்கமாக மனப்பாடமாகவே நின்றுவிடும் அந்தச் சூத்திரத்தை அவர்கள் ஒரு துப்பறியும் கருவியாகப் பயன்படுத்தினார்கள்.

கையை ஆட்டும் வேலையை மட்டும் நான் செய்யவில்லை. செய்ய முற்பட்ட சக ஆசிரியர் ஒருவரிடம், "சார், நீங்க மட்டும் வேண்டாம், நல்லா இல்ல" என்று மாணவர்களே கேட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய விளையாட்டைப் புரிந்துகொள்ளும் ஆசிரியரை அவர்கள் விரும்புகிறார்கள். அதை நடித்துக் காட்டும் ஆசிரியரை அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது.

புவியியல் ஆசிரியர், மேல்நிலை வகுப்புகள்

மேலே சொன்ன கடைசிக் கருத்தை நானும் ஏற்கிறேன். பப்ஜி மொபைல் என்ற கைபேசித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டு, அடுத்த ஆண்டு பிஜிஎம்ஐ என்ற பெயரில் மீண்டும் வந்ததிலிருந்து, பதினொன்றாம் வகுப்பு மாணவர்களின் பேச்சில் "ஸோன்", "டிராப்", "ரிட்ஜ்" ஆகிய சொற்கள் ஓயாமல் கேட்கின்றன. நான் அதை நிறுவியதும் இல்லை, விளையாடியதும் இல்லை. ஆனால் அதில் வரும் எராங்கல் தீவு எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் பரப்புடையது என்றும், அதன் வரைபடத்தில் பெரிய கட்டம் ஒன்றின் பக்கம் ஒரு கிலோமீட்டர் என்றும் ஒரு மாணவர் சொன்னபோது எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்பதை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளைப் படிப்பதுதான் செய்முறைப் பகுதியில் எல்லோரையும் திணறடிக்கும். கோடுகள் மேலே அகன்றும் கீழே நெருங்கியும் இருந்தால் அது குவிந்த சரிவு. உச்சியில் நிற்பவருக்கு அடிவாரம் தெரியாது. இதை நூலில் உள்ளபடி நடத்தியபோது எவருக்கும் பிடிபடவில்லை. "இந்த மலை மேல் நீ நிற்கிறாய், கீழிருந்து ஏறி வருபவன் உனக்கு எங்கே தெரிவான்?" என்று கேட்டேன். தேர்வுகளில் அதுவரை தட்டுத்தடுமாறித் தேர்ச்சி பெற்ற ஒரு மாணவர் எழுந்து வந்து, தாளில் விரல் வைத்து, "இந்தக் கோடு வரைக்கும் தெரிய மாட்டான் சார், இங்கே வந்ததும் தலை தெரியும்" என்றார். விடை மிகச் சரி. விளையாட்டை ஆசிரியரே ஊக்குவிப்பதா என்று ஒரு பெற்றோர் நியாயமாகவே கேட்டார். விளையாடுவதற்கு வகுப்பில் ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை என்பதைச் சொல்லி, அந்த மாணவரின் செய்முறைக் குறிப்பேட்டைக் காட்டினேன்.

தமிழ் ஆசிரியை, பெண்கள் பள்ளி

இன்ஸ்டாகிராமில் தங்களைப் பின்தொடருமாறு மாணவிகள் கேட்பதுண்டு, நான் மறுத்துவிடுகிறேன். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்ணின் சொந்தக் கணக்கில் ஆசிரியருக்கு வேலை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்; தனிச்செய்தியில் பேசுவதும் அப்படித்தான். 2020 பொதுமுடக்கத்தின்போது தொடங்கிய பெற்றோர் வாட்ஸ்அப் குழு அறிவிப்புகளுக்குப் போதும். அவர்கள் பார்ப்பதை அறிய எனக்கு வேறு வழி உண்டு: வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையின் இறுதியில், அந்த வாரம் பரவிய ஒரு செய்தியை யாராவது ஒருவர் எழுதிக்கொண்டு வர வேண்டும், அது உண்மையா என்று எல்லோரும் சேர்ந்து தேடுவோம்.

நமது தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்ற பழைய புரளி ஒருமுறை புது ரீல்ஸாக வந்தது. யுனெஸ்கோ அப்படி எந்த அறிவிப்பும் செய்ததில்லை. அதைக் குடும்பக் குழுவில் பகிர்ந்தவர் தன் பெரியப்பா என்றும், அவர் மனம் நோகாமல் எப்படி மறுத்து எழுதுவது என்றும் கொண்டுவந்த மாணவி கேட்டார். பாடத்திட்டத்தில் உள்ள கடிதப் பயிற்சி எதற்கும் அந்த வகுப்பு அவ்வளவு சிரத்தை காட்டியதில்லை. "தவறான தகவல்" என்று எழுதலாமா, "உறுதிப்படுத்த முடியவில்லை" என்பது போதுமா என்று மணி அடித்த பிறகும் வாதிட்டார்கள். இரண்டாவதே வென்றது. பெரியப்பா நன்றி தெரிவித்ததாகவும், மறுநாள் காலை இன்னொரு புரளியை அனுப்பியதாகவும் அந்த மாணவி சொன்னார்.