இரண்டாகக் கிழித்துச் செலவழித்த ஐந்து சதம்: இலங்கைக் காசும் எங்கள் அனுபவங்களும்

இலங்கையின் பழைய காசு என்றால் பலருக்கு ஞாபகம் வருவது அந்தச் சதுர ஐந்து சதம்தான். எனக்கு அதைவிட 1942இல் வந்த ஐந்து சதத் தாள்தான் அதிசயம். வெள்ளவத்தையில் காசு சேர்க்கிற மாமா ஒருவர் தன் அல்பத்தைத் திறந்து காட்டினார். தாளின் ஒரு பாதியில் இரண்டு சதம், மறு பாதியில் மூன்று சதம், நடுவில் தபால் முத்திரைத் தாளில் இருப்பது போலத் துளைவரிசை. கடையில் இரண்டு சதம் கொடுக்க வேண்டுமென்றால் கிழித்து ஒரு பாதியைக் கொடுத்துவிட்டு மற்றதைச் சட்டைப்பைக்குள் வைக்கலாம்! மாமாவின் தாள் கிழியாத முழுத்தாள். "என்ன தம்பி, கிழிச்சுக் காட்டட்டோ?" என்று கேட்டு என்னைப் பதற வைத்தார்.

இரண்டாம் உலக யுத்தத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதத்துக்கும் தாள் அடித்தார்கள். வெள்ளியில் இருந்த குத்திக்காசுகளும் (நாணயங்களும்) அந்த யுத்தத்தோடுதான் நிக்கல் பித்தளைக்கு மாறின. ஐம்பது சதம் கையில் பாரமாக இருந்த காலத்தை எங்கள் அம்மம்மா கதையாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாமா பெருமையாகச் சொன்ன இன்னொன்று: இந்தியாவில் அணாக் கணக்கு 1957 வரை ஓடியது, இங்கே 1872இலேயே ரூபாவை நூறு சதமாக்கிவிட்டார்கள். பெருமைப்படலாம், ஆனால் ரூபாவே கோப்பித் தோட்டங்களோடு வந்து நிலைத்த காசு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்க இந்திய வெள்ளி ரூபாதான் தோதாக இருந்தது. பவுண், ஷில்லிங் கணக்கு அதோடு போட்டி போட முடியாமல் ஒதுங்கியது. தோட்டத்துச் சனத்தின் பங்கை இந்த வரலாற்றில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அது குறையாகவே படுகிறது.

—

அண்ணா, நீங்கள் தாளைக் கிழித்த கதை சொன்னீர்கள். எங்கள் வீட்டில் தாளை மாற்ற ஓடிய கதைதான் உண்டு. 1970 ஒக்டோபரில், நிதி அமைச்சர் என்.எம். பெரேரா ஐம்பது, நூறு ரூபாத் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார். கறுப்புப் பணத்தையும் வரி ஏய்ப்பையும் பிடிப்பதுதான் நோக்கம். மாற்றிக்கொள்ளக் கிடைத்தது சில நாட்கள்தான்.

அம்மாவின் அப்பா சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், வங்கிப் பக்கமே போகாத மனிசன். பெட்டகத்துக்குள் இருந்ததை எல்லாம் துணியில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாராம். கறுப்புப் பணக்காரர் எத்தனை பேர் பிடிபட்டார்களோ, வரிசையில் வியர்த்தது இப்படியான ஆட்கள்தான். அப்புறம் அவர் வங்கிக்குப் போனாரா என்றால் அதுவும் இல்லை! பத்து ரூபாவுக்கு மேற்பட்ட தாளை வீட்டில் வைப்பதை நிறுத்திக்கொண்டார். பெட்டகம் சீக்கிரம் நிரம்பியதுதான் மிச்சம்.

—

அக்கா, என்னுடையது பழைய கதை இல்லை, 2022. தங்கச்சி வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தாள். வருடத் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாவளவில் கணக்குப் போட்டுக் கட்டணத்துக்குக் காசு ஒதுக்கி வைத்திருந்தோம். மார்ச் 7ஆம் தேதி மத்திய வங்கி டொலர் விலையில் வைத்திருந்த பிடியைத் தளர்த்தியது, மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. ஒதுக்கிய தொகையில் ஒரு ரூபா குறையவில்லை, ஆனால் அது பாதிக் கட்டணத்துக்குக் கொஞ்சம் மேலேதான் காணும்! காசு இருந்தாலும் டொலர் தர வங்கியில் ஆயிரம் கேள்வி. மீதியைப் பல்கலைக்கழகத்தில் தவணை கேட்டுத்தான் கட்டி முடித்தோம்.

அப்பா அப்போது சொன்னது: 1966 ஜூனில் இந்தியா தன் ரூபாவின் மதிப்பைக் குறைக்கும்வரை அதுவும் எங்கள் ரூபாவும் சரிக்குச் சரி நின்றனவாம். இப்போது ஓர் இந்திய ரூபாவுக்கு எங்களுடையதை எத்தனை வைக்க வேண்டும் என்று பாருங்கள். சரி, அந்த 1942 தாளின் கிழித்த பாதி யாரிடமாவது இருந்தால் படம் போடுங்கள், எனக்கு முழுத்தாளைவிட அதைப் பார்க்கத்தான் ஆசை.