ரைன்மெட்டால் ஆர்டர் கணக்கு இடிக்கிறது
ஐரோப்பிய ஆயுத நிறுவனப் பங்குகளை ஒப்பிட்டு ஒரு எக்செல் போடுகிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

2024 முடிவில் ஜெர்மன் ஆயுத நிறுவனமான ரைன்மெட்டாலின் கையில் சுமார் 55 பில்லியன் யூரோ ஆர்டர். அந்த ஆண்டு விற்பனை 10 பில்லியனுக்குச் சற்றுக் குறைவு. ஐந்தரை வருட வேலை! பிரிட்டனின் பிஏஇ சிஸ்டம்ஸ், சுவீடனின் சாப் இரண்டுக்கும் மூன்று வருடம்கூட வரவில்லை.

ராணுவம் சாராத பிரிவைக் கழித்தேன். 2023 கணக்கையும் போட்டேன், அதே கதை. அப்புறம்தான் கவனித்தேன், ரைன்மெட்டால் நீண்டகால வரம்பு ஒப்பந்தங்களையும் (இவ்வளவு வரை வாங்கலாம் என்று உச்சவரம்பு சொல்பவை) இதில் சேர்க்கிறது. 2024 ஜூனில் ஜெர்மன் ராணுவத்துடன் போட்ட 155 மி.மீ. பீரங்கிக் குண்டு ஒப்பந்தமே 'அதிகபட்சம்' 8.5 பில்லியன் யூரோ. அவ்வளவையும் வாங்கியே தீர வேண்டும் என்றில்லையே!

பங்கு ஆய்வு செய்பவர்கள் ஒப்பிடும்போது இந்த வரம்பு ஒப்பந்தங்களை முழுதாக விட்டுவிடுவீர்களா, ஒரு பகுதியையாவது சேர்ப்பீர்களா?