ஷூ வாங்கியாச்சு, மூணு வாரம் போயாச்சு, அப்புறம் ஏன் நின்னு போகுது? – அனுபவப் பகிர்வு

விடிவெள்ளி

"நான் இருபது கிலோ குறைத்தேன்" கதைகள் வேண்டிய அளவு சேர்ந்துவிட்டன. இந்த இழையில் வேறொன்று எழுதலாம். பயிற்சி கொடுப்பவர்கள், முட்டி வலிக்கு வைத்தியம் பார்ப்பவர்கள், நடைக்குழு நடத்துபவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். ஆட்கள் எந்த இடத்தில் விடுகிறார்கள், என்ன மாற்றினால் திரும்ப வருகிறார்கள்? நிமிஷக் கணக்கோடு சொன்னால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும்.

பூங்கா ரவுண்டு

ஜனவரி முதல் வாரம் எந்தப் பூங்காவிலும் நடக்க இடம் இருக்காது. பொங்கல் கழிந்து போய்ப் பாருங்கள், பழைய முகங்கள்தான் சுற்றிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்களில் யார் நிலைப்பார்கள் என்பது முதல் நாளே ஓரளவு தெரிந்துவிடும். எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடப்பவர் பத்தாம் நாள் இருக்க மாட்டார். கால் மணி நேரம் நடந்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டே கிளம்புகிறாரே, அவர் இருப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேண்டும். கூடவே இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. பலரும் இந்த 150-ஐ முதல் வாரமே எட்டப் பார்க்கிறார்கள். அது போய்ச் சேர வேண்டிய இடம். எங்கள் குழுவில் புதியவர்களுக்குக் கொடுக்கிற கணக்கு: முதல் 2 வாரம் 15 நிமிஷம், வாரம் 4 நாள். அடுத்த 2 வாரம் 20 நிமிஷம், 4 நாள். 5, 6-ம் வாரங்களில் 25 நிமிஷம், 5 நாள். 7-ம் வாரம் 30 நிமிஷம், 5 நாள். அங்கே 150 வந்துவிடுகிறது. வேகத்துக்கு வாட்ச் தேவையில்லை. பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் உலாத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

ஆர்வம் வந்ததும் தொடங்கலாம் என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று. 2002-ல் பிரிட்டனில் கல்லூரி மாணவர்களை மூன்று பிரிவாக்கி ஒரு ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சியின் நன்மைகளை விளக்கி ஊக்கமூட்டும் வாசகம் மட்டும் கொடுத்தார்கள். அடுத்த வாரத்தில் ஒருமுறையாவது 20 நிமிஷம் பயிற்சி செய்தவர்கள் அதில் 35 சதவீதம். ஒன்றுமே சொல்லப்படாத பிரிவில் 38. அதே வாசகத்தோடு, "எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே" என்றும் எழுதிக் கொடுத்த பிரிவில் 91. ஒரு வாரத்து முடிவுதான், ஆயுசுக்கும் செல்லும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வெறும் உபதேசம் எந்த அளவுக்கு எடுபடும் என்பது தெரிகிறதல்லவா?

அதனால் துண்டுச் சீட்டில் எழுதுங்கள்: "செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு. விடிந்து பத்து நிமிஷத்தில். வாசல் – தண்ணீர்த் தொட்டி – வாசல்." மணியை விட்டு விடியலை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையில் மே கடைசியில் 5.40 வாக்கில் சூரியன் வந்துவிடும், ஜனவரியில் 6.30 தாண்டும். மே மாதம் ஐந்தரை மணிக்குப் பழகியவர் மார்கழியில் கும்மிருட்டில் எழுந்து பார்த்துவிட்டுப் போர்வைக்குள் போய்விடுகிறார். பழி "சோம்பேறித்தனம்" மேல் விழுகிறது.

கேள்விக்குறி

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே சார், நடுவில் ஒரு நாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்தா?

பூங்கா ரவுண்டு

இல்லை தம்பி. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் தானாக நடக்கிற நிலைக்கு வர சராசரியாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள் வரை என்று கணக்கு வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற பழக்கம் சீக்கிரம் ஒட்டியது, உடற்பயிற்சிக்கு நாள் கூடுதலாகப் பிடித்தது. ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. 22-ம் நாளும் அலாரத்தைத் திட்டிக்கொண்டே எழுந்தால் உங்களிடம் கோளாறு ஒன்றும் இல்லை.

முட்டி வைத்தியம்

இயன்முறை சிகிச்சைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். "மனசு வரல" என்று சொல்பவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மையில் எங்கேயோ வலி. வலியைச் சொன்னால் வயசாகிவிட்டது என்பார்களோ என்று மனசு மேல் போடுகிறார்கள்.

எந்த வலிக்கு நிறுத்த வேண்டும் என்பதில்தான் குழப்பம். முதன்முறை பஸ்கி போட்ட மறுநாளோ அதற்கு மறுநாளோ தொடை முழுக்க வலிக்கும், மாடிப்படி இறங்கும்போது உயிர் போகும். பழகாத வேலை செய்த தசையின் வலி அது. 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு அடங்கிவிடும். அன்று மெதுவாக நடக்கலாம், பஸ்கி வேண்டாம். ஒரே ஒரு முட்டியில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், நடக்க நடக்கக் கூடுகிற வலி வேறு ரகம். வீக்கம் இருந்தாலும் அப்படியே. அதை "தாங்கிக்கொண்டு" தொடர்ந்தால் ஒரு வாரத்தில் முடிகிற ஓய்வு இரண்டு மாசமாகும்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள்பக்க ஓரம் நெடுக வலிப்பது புதிதாக ஓடுபவர்களின் சொத்து. தூரத்தைச் சட்டென்று ஏற்றுவதாலும், தேய்ந்த ஷூவோடு சிமென்ட் ரோட்டில் ஓடுவதாலும் வருவது. ஓட ஆசைப்படுகிறவர்கள் 5 நிமிஷம் நடந்துவிட்டு, 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று 8 முறை செய்யுங்கள். வாரம் 3 நாள், அடுத்தடுத்த நாளில் வேண்டாம். ஓட்டம் என்றால் பக்கத்தில் நடப்பவரைத் தாண்டினால் போதும், அவ்வளவு மெதுவாக. முதல் 60 விநாடியிலேயே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்றுதான் பொருள், தெம்பு குறைவு என்றல்ல. ஷூ வெளியே புதிதாகத் தெரிந்தாலும் 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பஞ்சு செத்துவிடும்.

பஸ்கியில் நான் ஓயாமல் திருத்துகிற தப்பு, எழும்போது இரண்டு முட்டியும் உள்பக்கம் சாய்வது. பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதில் பிட்டம் லேசாகத் தொட்டதும் எழுங்கள், முட்டி இரண்டாவது விரல் பக்கம் போகட்டும். குதிகால் தரையை விட்டுக் கிளம்பினால் காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வையுங்கள். முதலில் 8 வீதம் 2 முறை. தண்டால் தரையில் வரவில்லை என்றால் சுவரில் தொடங்கி, 15 சுலபமானதும் சமையல் மேடை, பிறகு கட்டில் விளிம்பு, கடைசியில் தரை. நேரே தரைக்குப் போனவர் இடுப்பைத் தொங்கவிட்டு மூன்று எடுத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு மறுநாள் லீவு போடுவார்.

மாடிப்படி

பூங்காவும் டிராக்கும் பேசுகிற அண்ணாக்களே, காலை 5 முதல் 8 வரை அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு யார் எழுதுவது? "அரை மணி ஒதுக்குங்க" என்பது அந்த வீடுகளில் செல்லாத நோட்டு. ஒதுக்க முடியாது, நடுவில் செருகத்தான் முடியும்.

ஃபில்டரில் வெந்நீர் ஊற்றினால் டிகாஷன் இறங்கக் கால் மணியாவது ஆகும். இட்லி வேக 10 நிமிஷம். இந்த இரண்டும் யாரும் ஞாபகப்படுத்தாமலே தினமும் வருகிற மணிகள். ஃபில்டர் மூடியைப் போட்ட கையோடு மேடையைப் பிடித்துத் தண்டால் 8, நாற்காலி பஸ்கி 8, குதிகால் தூக்கி இறக்குவது 15. ஒரு நிமிஷம் இளைப்பாறி இன்னும் இரண்டு சுற்று. எட்டு, ஒன்பது நிமிஷம்தான் ஆகும், மீதி நேரத்தில் பால் காய்ச்சிவிடலாம். ஈரத் தரையில் வேண்டாம், கால்மிதி மேல் நிற்கவும் வேண்டாம், நழுவும். துப்பட்டா, புடவைத் தலைப்பு அடுப்புப் பக்கம் போகாமல் செருகிக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும், நான்காவது நாள் செய்தால் போனஸ்.

பத்து நிமிஷத்துக்குக் குறைந்தால் கணக்கில் வராது என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2020 வழிகாட்டுதலில் அந்த வரம்பு இல்லை. மூன்று மாடி ஏறி இறங்கித் துணி காயப்போடுவதும் கணக்கில் சேரும். நின்று நிறுத்தி ஏறாமல் ஒரே மூச்சில் ஏறினால் நன்றாகவே சேரும்.

சர்க்கரைக் கணக்கு

நல்ல பதிவு அக்கா. நீரிழிவுக்காரர்கள் கண்ணில் இதுவும் படட்டும். இவர்கள் நடையை விடுவதற்குப் பெரிய காரணம், நடுவழியில் ஒருமுறை கை நடுங்கி வேர்த்துக்கொட்டிய பயம். இன்சுலின், அல்லது கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் நடந்தால் சர்க்கரை இறங்கி இப்படி ஆகக்கூடியதுதான். கிளம்புமுன் ரத்தச் சர்க்கரை அளவு 100-க்குக் கீழே இருந்தால் ஒரு சின்ன வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சட்டைப் பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைப் பொட்டலம் கட்டி வையுங்கள், அது 15 கிராம் அளவு வரும். நடுக்கம் வந்தால் உட்கார்ந்து, அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். அடிக்கடி வந்தால் நடையைக் குறைக்காமல் டாக்டரிடம் மருந்தின் அளவைக் கேளுங்கள்.

காலை நடை ஒத்துவராதவர்களுக்கு, சாப்பிட்ட பின் 10–15 நிமிஷம் நடப்பது சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தை நன்றாகவே மட்டுப்படுத்தும். தெருவுக்குப் போக வேண்டியதில்லை, வராந்தா போதும். வெறுங்காலோடு மட்டும் வேண்டாம்.

பூங்கா வாசலில் வடை சாப்பிடுகிற கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. 65 கிலோ ஆள் அரை மணி நடந்தால் செலவாவது ஏறக்குறைய 110–130 கலோரி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நடையின் லாபத்தை எடைத்தட்டில் தேடினால் ஒரே மாசத்தில் மனசு விட்டுப்போகும். தூக்கம், மாடி ஏறும்போது மூச்சு, மூன்று மாத சர்க்கரை சராசரி, இவற்றில் தேடுங்கள்.

இரும்புக்கடை

ஜிம் பக்கம். வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் பணம் போகுதேன்னு வருவோம்னு நினைக்கிறாங்க. அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் கணக்கை வைத்து 2006-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கு. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டினவங்க சராசரியா மாசத்துக்கு 4.3 தடவைதான் போயிருக்காங்க. ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுது. அதே இடத்தில் 10 தடவைக்கான சீட்டு 100 டாலர்! நம்ம ஊர் ஜிம்களில் நாள் சீட்டு எல்லா இடத்திலும் கிடையாது, அதனால மாசக் கட்டணத்தில் ஆரம்பிங்க. மூணு மாசம் வாரம் மூணு நாள் வந்தபின் வருஷத்துக்கு மாறுங்க. தள்ளுபடி "இன்னைக்கு மட்டும்"னு சொல்வாங்க, அடுத்த மாசமும் இருக்கும்.

பாட்டு, கதை ஜிம்மில் மட்டும்னு வெச்சுக்கிற உத்தியும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் விறுவிறுப்பான ஒலிப்புத்தகத்தை ஜிம்மில் மட்டும் கேட்கிற மாதிரி கொடுத்தாங்க. ஆரம்பத்தில் மத்தவங்களைவிட 51 சதவீதம் கூடுதலா வந்தாங்க. நாளாக ஆகக் குறைஞ்சு, நவம்பர் விடுமுறைக்கு ஜிம் மூடித் திறந்ததும் அந்த வித்தியாசம் காணாம போச்சு. நம்ம தீபாவளி, பொங்கல் மாதிரியேதான்.

பூங்கா ரவுண்டு

இந்தக் கடைசி வரியைத்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும். தொடங்க முடியாதவர்களைவிட, இடைவெளிக்குப் பின் திரும்ப முடியாதவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். கல்யாணம், காய்ச்சல், பரீட்சை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. திரும்பி வருகிற அன்று விட்ட இடத்திலிருந்தே பிடிக்கப் பார்க்கிறார்கள். உடம்பு ஒத்துழைக்காது, "எல்லாம் போச்சு" என்று ஆகிவிடும்.

ஒரு வாரம் விட்டவர் முதல் நாள் மட்டும் பத்து நிமிஷம் குறைத்துத் தொடங்கட்டும். இரண்டு, மூன்று வாரம் என்றால் முதல் வாரம் பாதி நேரம். ஒரு மாசம் தாண்டினால் மேலே கொடுத்த அட்டவணையில் முதல் வரி. இரண்டாம் தடவை சீக்கிரம் ஏறிவிடும். காய்ச்சல் விட்ட மறுநாளே ஓடக் கூடாது. சோர்வு போய், வழக்கமான வீட்டு வேலை சிரமமில்லாமல் ஆனபிறகு நடையில் தொடங்குங்கள்.

மழைக்காலத்துக்குத் திட்டத்தை செப்டம்பரிலேயே எழுதிவையுங்கள்: "தூறினால் மாடிப்படி 10 நிமிஷம், பஸ்கி 2 சுற்று." மழையைப் பார்த்தபிறகு யோசித்தால் பஜ்ஜிதான் ஞாபகம் வரும்.

கேள்விக்குறி

எங்க தெருவில் நாய்த் தொல்லை சார். அதுதான் நிஜக் காரணம்.

முட்டி வைத்தியம்

அது நியாயமான காரணம், வெட்கப்பட வேண்டாம். ஓடிக்கொண்டிருந்தால் நடைக்கு மாறுங்கள், துரத்தினால் நின்றுவிடுங்கள். கண்ணைப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். கல்லெடுத்தால் மற்ற நாய்களும் சேரும். விடிந்தபின், இருவராகப் போவது நல்லது. கடித்தாலோ பல் லேசாகக் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.

மாடிப்படி

மழையில் நனைந்த ஷூவுக்கு: உள் அட்டையை உருவிவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துப் புதுத் தாள் மாற்றி, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். மறுநாளைக்குள் காய்ந்துவிடும். சுள்ளென்ற வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும். ஈரச் சாக்ஸோடு இரண்டு நாள் நடந்தால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும், அப்புறம் பத்து நாள் செருப்புதான். சாக்ஸ் மூன்று ஜோடி வாங்குங்கள்.