கோல் கீப்பர் ஒருவர் முழு ரீமுக்கும் பயிற்றுநராக முடியுமா? பற்றிக் றுவா பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தை_கீப்பர் எழுதியது:

வணக்கம். பாடசாலையில் தொடங்கி கிளப் வரை 14 வருடங்கள் ஹொக்கி விளையாடியிருக்கிறேன். அத்தனை வருடமும் கோல் கீப்பராகத்தான். இப்போது கொழும்பில் ஒரு பாடசாலை, 17 வயதுக்குட்பட்ட பெண்கள் ரீமுக்குத் தலைமைப் பயிற்றுநராக வரச் சொல்லிக் கேட்டிருக்கிறது. கீப்பர்களுக்கு மட்டும் பழக்குவதற்கு அல்ல, முழு ரீமுக்கும்.

ஓம் சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் அந்தப் பாடசாலையின் பழைய மாணவி ஒருவர், ஃபோவர்டாக விளையாடியவர், நேராகவே கேட்டுவிட்டார்: "நீங்கள் ஒருநாளும் ஒரு கோல் போட்டதில்லையே, பிள்ளைகளுக்கு அதை எப்படிப் பழக்குவீர்கள்?" என்னை நோகடிக்க அவர் கேட்கவில்லை. ஆனாலும் மூன்று நாட்களாக அந்தக் கேள்வி என்னை விடுவதாயில்லை.

கனடாவில், மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் இருக்கும் அக்காவின் மகன் ஐஸ் ஹொக்கியில் கோலியாக (அங்கே கோல் கீப்பரை அப்படித்தான் சொல்வார்கள்) நிற்கிறான், 13 வயது. அவனிடம் இதைச் சொன்னபோது, "சித்தி, பற்றிக் றுவாவும் கோலிதான், பிறகு என்.எச்.எல். ரீமுக்கே ஹெட் கோச் ஆனவர்" என்றான். என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹொக்கி லீக். நான் ஐஸ் ஹொக்கி மட்ச் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. அங்கே இருந்து பார்த்தவர்கள் யாராவது அவருடைய கதையைச் சொல்வீர்களா? கோலியாக நின்றது பயிற்றுநரான பிறகு அவருக்கு உதவியதா, இடைஞ்சலாக இருந்ததா?

பழைய_மொன்றியல்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் 1989 முதல் 2015 வரை மொன்றியலில் இருந்தவன். இப்போது தெஹிவளையில் இருக்கிறேன். அங்கே ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் கோப்பை கழுவுவதில் தொடங்கி சமையலுக்கு வந்தேன். என் பிரெஞ்சில் பாதி வகுப்பில் படித்தது, மீதி குசினி ரேடியோவில் போன ஹொக்கி வர்ணனையில் பிடித்தது. முதலில் பெயர். எழுத்தைப் பார்த்தால் றோய் என்றுதான் வாசிப்போம், கியூபெக்கில் அப்படிச் சொன்னால் திருத்துவார்கள். உங்கள் பெறாமகன் சரியாகவே சொல்லியிருக்கிறான்.

1965இல் கியூபெக் சிற்றியில் பிறந்தவர். லீக்கின் ரீம்கள் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்யும் டிராஃப்டில், 1984இல், மொன்றியல் கனேடியன்ஸ் அவரை எடுத்தபோது அவருக்கு முன்னால் 50 பேர் எடுக்கப்பட்டிருந்தார்கள். ஃப்ரான்சுவா அலேர் என்ற கோலிப் பயிற்றுநரின் கையில் அகப்பட்டது அவருடைய அதிர்ஷ்டம். முழங்காலில் விழுந்து, இரண்டு காலையும் பக்கவாட்டில் விரித்துக் கீழ்ப்பகுதியை அடைக்கும் பட்டர்ஃபிளை முறையை அவர்கள் இருவரும் சேர்ந்து சீராக்கினார்கள். பிறகு உலகம் முழுக்கக் கோலிகள் அப்படித்தான் நின்றார்கள். 1986இல், 20 வயதில், என்.எச்.எல். சம்பியனுக்கான ஸ்டான்லி கிண்ணம். பிளேஓஃபின், அதாவது சீசன் முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் தொடரின், சிறந்த வீரர் விருதும் அவருக்கே. 1993இல் இரண்டும் மறுபடி. அந்த வருடம் பிளேஓஃபில் மேலதிக நேரத்துக்குப் போன மட்சுகளில் அடுத்தடுத்துப் பத்தை வென்றார்கள். மேலதிக நேரத்தில் ஒரு கோல் விழுந்தால் மட்ச் முடிந்தது, நினைத்துப் பாருங்கள். அந்த இரவுகளில் எங்கள் குசினியில் ஓடர் வந்து கிடக்கும், எடுப்பதற்கு ஆள் இராது.

ஆனால் உங்கள் கேள்விக்கு நான் சொல்ல விரும்புவது கிண்ணங்களை அல்ல, ஒரு சனிக்கிழமையை. 1995 டிசம்பர் 2. பழைய ஃபோரம் அரங்கில் டெற்றோயிற்றுக்கு எதிராக. கோல் விழுந்துகொண்டே இருக்கிறது, பயிற்றுநர் றுவாவை வெளியே எடுக்கவில்லை. அவர் ஒரு லேசான அடியைத் தடுத்ததும் கூட்டம் கேலியாகக் கைதட்டியது. அவர் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார். சமையற்காரர் ஒருவர், கியூபெக் மனிதர், "இனியாவது எடுங்கள் அவரை" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினார். வாசலை நோக்கி அடித்த 26 பந்தடிகளில் 9 கோலாகிய பிறகுதான் எடுத்தார்கள். மட்ச் 11க்கு 1. வெளியே வந்தவர் பயிற்றுநரைத் தாண்டிப்போய், பின்னால் உட்கார்ந்திருந்த கழகத் தலைவரிடம் இதுதான் மொன்றியலில் தன் கடைசி மட்ச் என்று சொல்லிவிட்டார். நான்கு நாளில் கொலராடோ அவலாஞ்சுக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் குசினியில் அந்த வாரம் செத்த வீடு மாதிரி இருந்தது. அடுத்த ஜூனிலேயே கொலராடோ கிண்ணம் எடுத்தது. கடைசி மட்ச் மூன்றாவது மேலதிக நேரம்வரை போய் 1க்கு 0 என்று முடிந்தது, அவர் 63 அடிகளைத் தடுத்திருந்தார். 2001இல் நான்காவது கிண்ணம்.

2003இல் ஓய்வு பெற்று, கியூபெக் சிற்றியின் ஜூனியர் ரீமான றெம்பாருக்குப் பயிற்றுநரானார். 2006இல் கனடாவின் ஜூனியர் ரீம்களுக்கான மெமோரியல் கிண்ணத்தை அவர்கள் எடுத்தார்கள். 2013இல் கொலராடோவுக்குத் தலைமைப் பயிற்றுநர். முதல் சீசனிலேயே 52 வெற்றி, வருடத்தின் சிறந்த பயிற்றுநர் விருது. இனி கவனியுங்கள். பின்தங்கியிருக்கும் ரீம் கடைசியில் கோலியை வெளியே எடுத்து, அவருக்குப் பதிலாகத் தாக்குவதற்கு ஒருவரை இறக்கும். கோல் வாசல் வெறுமையாகக் கிடக்கும். அந்தக் காலத்தில் கடைசி ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில்தான் இதைச் செய்வார்கள். றுவா மூன்று நிமிடம் இருக்கும்போதே எடுப்பார். 2014 பிளேஓஃபின் முதல் மட்ச், மினசோட்டாவுக்கு எதிராக: அப்படி எடுத்து, 13.4 செக்கன் மிச்சமிருக்கும்போது சமன் செய்து, மேலதிக நேரத்தில் வென்றார்கள். வெறும் வாசலின் ஆபத்து அவரைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தபடியால்தான் எந்த நேரத்தில் அந்த ஆபத்தை ஏற்கலாம் என்று அவரால் கணிக்க முடிந்தது என்பது என் எண்ணம்.

எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். அந்தத் தொடரை ஏழாவது மட்சில் இழந்தார்கள். அடுத்த இரண்டு சீசனும் பிளேஓஃப் கிடைக்கவில்லை, 2016இல் விலகினார். பெரிய லீக்கில் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் என்ற கௌரவம் பார்க்காமல் திரும்ப அதே ஜூனியர் பிள்ளைகளிடம் போனார். 2023இல் மறுபடி மெமோரியல் கிண்ணம். 2024 ஜனவரியில் நியூயோர்க் ஐலண்டர்ஸ் கூப்பிட்டது.

அந்தப் பழைய மாணவிக்கு இதைச் சொல்லுங்கள்: உங்களுக்கு விழுந்த கோல் ஒவ்வொன்றும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யார் அடித்தது, யார் குறுக்கே நின்று மறைத்தது, உங்கள் எந்தக் கால் பிந்தியது. போட்டவர்கள் மறுநாளே மறந்திருப்பார்கள்.

பம்பலப்பிட்டி_அம்பயர் எழுதியது:

ஐயா சொன்னதோடு எனக்கு உடன்பாடு, ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. ஜாக் பிளான்ற் என்று அதே மொன்றியல் ரீமின் பழைய கோலி ஒருவர். 1959 நவம்பர் 1ஆம் திகதி நியூயோர்க்கில் முகத்தில் அடிபட்டு, தையல் போட்டுக்கொண்டு, முகமூடி இல்லாமல் திரும்பப் போகமாட்டேன் என்று நின்றவர். கோலிகள் வழக்கமாக முகமூடி போட ஆரம்பித்தது அவருக்குப் பிறகுதான். ரொறன்ரோவில் தன்னோடு இருந்த பேர்னி பேரன்ற் என்ற இளம் கோலிக்கு எந்தக் கோணத்தில் நிற்பது, எப்போது முன்னே வருவது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். பேரன்ற் பிலடெல்பியாவுக்குப் போய் 1974லும் 1975லும் கிண்ணம் எடுத்தார். அவ்வளவு நல்ல ஆசிரியர். ஆனால் 1973இல் கியூபெக் நோர்டிக்ஸ் ரீமுக்குத் தலைமைப் பயிற்றுநரானவர், ஒரு சீசனோடு விட்டுவிட்டுத் திரும்பக் கோலியாக விளையாடப் போய்விட்டார். கோலிக்குப் பழக்குவது வேறு வேலை, ரீமை நடத்துவது வேறு வேலை. பொறுப்பை எடுங்கள், ஆனால் ஃபோவர்டுகளுக்கு ஒரு உதவிப் பயிற்றுநரை முதல் நாளே கேளுங்கள். கேள்வி கேட்ட அந்தப் பழைய மாணவியையே கேட்டால் என்ன?

இன்னொன்று, இந்த இரண்டு விளையாட்டும் ஒன்றல்ல. ஐஸ் ஹொக்கி வாசல் 1.83 மீற்றர் அகலம், எங்கள் மைதான ஹொக்கியுடையது 3.66, சரியாக இரண்டு மடங்கு. பட்டர்ஃபிளை எல்லாம் அப்படியே இங்கே கொண்டுவரக்கூடாது. எங்கள் பிள்ளைகள் முடிந்தவரை காலில் நிற்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை_லெஃப்ட்விங் எழுதியது:

அக்கா, எனக்குப் பழக்கியவர் ஒரு முன்னாள் கீப்பர். றீட் அவனியூ அஸ்ட்ரோ டேர்ஃபில் வெயிலுக்குள் கீப்பர் உடுப்போடு தானே வாசலில் நின்று, "என் முகத்தைப் பார்க்காதே, பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று பார், அந்தப் பக்கமாக அடி" என்பார். பாரம் விழுந்த காலை உடனே தூக்க முடியாதாம். அதை எந்த ஃபோவர்டும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த வருடம் நான் போட்ட கோல்களில் பாதி அப்படி வந்தவை.

வெள்ளவத்தை_கீப்பர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்பயர் அண்ணா சொன்னபடி அந்த அக்காவிடம் கேட்டேன். வாரத்தில் இரண்டு நாள் வருகிறாராம். நானும் ஓம் சொல்லிவிட்டேன்.

மொன்றியல் ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. நேற்றுப் பயிற்சி மட்சில் எங்கள் சின்னக் கீப்பருக்கு, 15 வயது, முதல் பாதியிலேயே ஐந்து கோல். என் கண்ணுக்கு முன்னால் அந்த 11க்கு 1தான் வந்தது. எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் எடுக்கவில்லை.

பழைய_மொன்றியல்காரன் எழுதியது:

பிள்ளை, பிந்தி எடுத்த கதையைச் சொன்னேன், முந்தி எடுத்த கதையும் இருக்கிறது. 1980 ஒலிம்பிக், லேக் பிளாசிட். சோவியத் கோலி விளடிஸ்லாவ் திரெத்தியாக், அந்தக் காலத்தில் உலகத்திலேயே முதல்தரம். அமெரிக்க மாணவர் ரீமோடு முதல் பகுதி முடிய 2க்கு 2. பயிற்றுநர் திகோனவ் அவரை உடனே எடுத்துவிட்டார். மட்ச் 4க்கு 3 என்று போயிற்று. தன் வாழ்க்கையில் செய்த பெரிய பிழை அதுதான் என்று திகோனவ் பிறகு தானே சொன்னார். திரெத்தியாக் 1984இல் ஒலிம்பிக் தங்கத்தோடு ஓய்வு பெற்று, பிறகு சிக்காகோவில் கோலிகளுக்குப் பழக்கினார். அவரிடம் பழகிய எட் பெல்ஃபோர் பின்னாளில் அவருடைய 20ஆம் இலக்கத்தைப் போட்டு விளையாடினார், அவ்வளவு மரியாதை.

எத்தனை கோல் என்று எண்ணி முடிவெடுக்க வேண்டாம். அவளைப் பாருங்கள். கோல் விழுந்ததும் டிஃபென்ஸைக் கூப்பிட்டுக் கதைக்கிறாளா, வலையைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாளா? கதைத்தால் விடுங்கள். திரும்பி நின்றால் எடுங்கள், எடுத்து உங்கள் பக்கத்தில் இருத்துங்கள், பென்ச்சின் கடைசியில் விடாதீர்கள்.

வெள்ளவத்தை_கீப்பர் எழுதியது:

கதைத்தாள் ஐயா. ஐந்தாவது கோலுக்குப் பிறகும் ரைட் பாக்கைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டினாள். இரண்டாம் பாதியில் ஒன்றுதான் போனது.

இன்னொரு உதவி. பாடசாலையின் லெக் கார்ட் ஒன்றில் பட்டி இரண்டு அறுந்து கிடக்கிறது. புதிது வாங்க இந்தத் தவணைக்குக் காசு வராது. வெள்ளவத்தைச் சந்தைப் பக்கத்தில் இதைத் தைக்கக்கூடிய சப்பாத்துக்காரர் யாரையாவது தெரியுமா? சனிக்கிழமைக்கு முன் வேண்டும்.