ஆட்-ஆன் விமானத்தின் பறக்கும் குணத்தைத் திருத்திய அனுபவங்கள்

பகிர்வு 1

ஆர்வலர் ஒருவர் தனியாக உழைத்து இலவசமாக வெளியிட்டிருந்த செஸ்னா 172எஸ் என்ற சிறு பயிற்சி விமானத்தின் ஆட்-ஆன் வடிவத்தை (கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருளை) கடந்த ஆண்டு என் கணினிப் பறத்தல் சிமுலேட்டரில் நிறுவினேன். உள்ளறையின் வேலைப்பாடும் எஞ்சின் ஒலியும் மனத்தைக் கவர்ந்தன. ஆனால் ஓடுதளத்தை விட்டு எழும்பியவுடன் மூக்கு துள்ளத் தொடங்கிவிடும். ஜாய்ஸ்டிக்கைச் சிறிதளவு பின்னிழுத்தால் மூக்கு வேண்டிய அளவைத் தாண்டி மேலே போகும். அதை அடக்க முன்னே தள்ளினால் அதைவிட வேகமாகக் கீழே சாயும். கை வைக்காமலே மூக்கை ஒரே நிலையில் வைத்திருக்க உதவும் ட்ரிம் சக்கரத்தை எங்கே நிறுத்தினாலும் கையை எடுத்த பத்து வினாடிக்குள் விமானம் ஏதேனும் ஒரு பக்கம் ஓடிவிடும். உண்மையான 172 மாணவர்களின் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் சாதுவான விமானம் என்பதால், இது எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது.

பலரும் செய்வதையே நானும் முதலில் செய்தேன். விமானம் எப்படிப் பறக்க வேண்டும் என்ற எண்கள் அடங்கிய பறத்தல் மாதிரிக் கோப்பைத் திறந்து, மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பான எலிவேட்டரின் வீரியத்தைக் குறிக்கும் பெருக்கெண்ணை 1.0-இலிருந்து 0.6-க்குக் குறைத்தேன். துள்ளல் குறைந்ததுபோல் தெரிந்தது. ஆனால் தரையிறங்கும்போது மூக்கைத் தூக்கிப் பிடிக்க எலிவேட்டருக்கு வலு போதவில்லை. அதைச் சரிக்கட்ட மூக்கசைவின் நிலைப்புத்தன்மைக்கான பெருக்கெண்ணை ஏற்றினேன், ட்ரிம் கெட்டது. ட்ரிம்மைத் திருத்தினேன், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃப்ளாப்பை இறக்கியபோது மூக்கு வானத்தை நோக்கியது. மூன்று வாரங்களில் எட்டு எண்களை மாற்றியிருந்தேன், எந்த எண் எதற்காக மாறியது என்பதையும் மறந்திருந்தேன். ஒரு நாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மூலக் கோப்பை மீண்டும் வைத்து, ஒரு குறிப்பேட்டுடன் உட்கார்ந்தேன்.

குறிப்பேட்டில் முதலில் எழுதியவை விமானக் கையேட்டில் உள்ள எண்கள்: உயர்ந்தபட்ச எடை 2,550 பவுண்டு; ஃப்ளாப் இல்லாத ஸ்டால் வேகம் (இறக்கை தூக்கும் வலுவை இழக்கும் வேகம்) 48 நாட், முழு ஃப்ளாப்புடன் 40 நாட்; எஞ்சின் நின்றால் சறுக்கிச் செல்ல உகந்த வேகம் 68 நாட். அவற்றுக்கு எதிரே ஆட்-ஆன் காட்டிய எண்களை எழுதிக்கொண்டே போனபோது, நான் எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டது. முழு எரிபொருளோடும் பக்கத்து இருக்கையில் ஒருவரோடும் பறந்த நாள்களில் எல்லாம் துள்ளல் கடுமையாக இருந்தது; தனியாக, டேங்கில் கால் பங்கு எரிபொருளோடு பறந்த நாளில் விமானம் ஏறத்தாழ ஒழுங்காக இருந்தது. ஒரே பயணத்திலும் தொடக்கத்தில் அடங்காத மூக்கு, எரிபொருள் தீரத் தீர அடங்கியது. எலிவேட்டர்தான் குற்றவாளி என்றால் அது எரிபொருளைப் பார்த்துத் தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது. ஆகவே சிக்கல் எடையிலோ, எடை அமர்ந்திருக்கும் இடத்திலோதான் இருக்க வேண்டும் என்று புரிந்தது.

கையேட்டின் எடைச் சமநிலைப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு கோப்பின் வரிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். 172எஸ் விமானத்தில் எல்லா நீளங்களும் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தீத்தடுப்புச் சுவரின் முன்முகத்திலிருந்து அளக்கப்படுகின்றன. முன்னிருக்கை 37 அங்குலத்தில் இருக்கிறது, எரிபொருள் 48 அங்குலத்தில். ஆட்-ஆனில் இறக்கையும் வெற்று எடையின் ஈர்ப்பு மையமும் அந்தச் சுவரிலிருந்தே அளக்கப்பட்டிருந்தன. ஆனால் இருக்கைகளும் எரிபொருள் டேங்குகளும் மூக்கு நுனியிலிருந்து அளக்கப்பட்டிருந்தன. அதாவது, விமானி, உடன் செல்பவர், எரிபொருள் மூன்றையும் கோப்பு ஏறத்தாழ நான்கு அடி பின்னால் உட்கார வைத்திருந்தது. முன்னிருக்கையில் இரண்டு பேர், டேங்க் நிறைய எரிபொருள் என்று கணக்குப் போட்டேன். சரியான அளவுகளின்படி ஈர்ப்பு மையம் 40.6 அங்குலத்தில் வர வேண்டும். கோப்பின்படி 54 அங்குலத்தில் வந்தது. கையேடு அனுமதிக்கும் பின் எல்லை 47.3 அங்குலம். உண்மையான விமானத்தை இப்படி ஏற்றிக்கொண்டு எழும்பினால், அதுவும் இதைப் போலவேதான் துள்ளியிருக்கும். சிமுலேட்டர் தனக்குக் கொடுக்கப்பட்ட தவறான விமானத்தை மிகச் சரியாகப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது!

இருக்கைகளுக்கும் டேங்குகளுக்கும் உரிய வரிகளில் உள்ள எண்களை மட்டும் திருத்தினேன். எந்தப் பெருக்கெண்ணையும் தொடவில்லை. இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கையேட்டில் பின்னோக்கிய நீளம் நேர்க்குறி பெறும், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் கோப்பிலோ முன்னோக்கிய நீளமே நேர்க்குறி பெறும், கையேடு அங்குலத்தில் பேசும், கோப்பு அடியில் கேட்கும். இந்த இரண்டு மாற்றங்களையும் தாளில் எழுதிச் சரிபார்த்த பிறகே கோப்பில் கை வைப்பது நல்லது.

உங்களில் யாருக்கேனும் இப்படி ஒரு விமானத்தோடு போராடிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

பகிர்வு 2

என் அனுபவமும் அளவீட்டுக் குழப்பத்தில் பிறந்ததே. நான் ஃப்ளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரில், ஜேஎஸ்பிசிம் என்ற பறத்தல் கணக்கு மென்பொருளின் முறையில் அமைந்த கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) ஒன்றைப் பறக்கவிட்டு வந்தேன். வளைவு எடுக்க, இறக்கையைச் சாய்க்கும் ஏலெரானைக் கொடுத்தால் இறக்கை தாமதமாகச் சாய்ந்தது. ஏலெரானை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகும் சாய்ந்துகொண்டே போனது. நீண்ட இறக்கை உள்ள கிளைடர் மெதுவாகத்தான் உருளும் என்று பலர் சொன்னதால் நெடுநாள் அதை இயல்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

பின்னர் ஒரு வேறுபாடு புலப்பட்டது. ஏலெரானை அழுத்தியபடியே வைத்திருந்தால் விமானம் எந்த வேகத்தில் உருளும் என்பதை ஏலெரானின் வலுவும், உருள்வதை எதிர்க்கும் காற்றின் தடையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அந்த வேகத்தை எட்டுவதற்கும் அதிலிருந்து நிற்பதற்கும் ஆகும் நேரத்தில்தான் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாறுவதை விமானத்தின் எடைப் பரவல் எதிர்க்கும் அளவு, வருகிறது. என் கிளைடரின் உருளும் வேகம் குறிப்பிட்ட அளவில் சரியாகவே இருந்தது. தொடங்குவதும் நிற்பதும் மட்டுமே தாமதமாயின. எனவே ஏலெரானைத் தொடாமல் நிலைமத் திருப்புத்திறன் வரிகளைப் பார்த்தேன். எண்கள் கிலோகிராம்-சதுர மீட்டரில் கணக்கிடப்பட்டவை. அலகோ ஸ்லக்-சதுர அடி என்று குறிக்கப்பட்டிருந்தது. ஒரு ஸ்லக்-சதுர அடி என்பது 1.356 கிலோகிராம்-சதுர மீட்டர் என்பதால், விமானம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடுதல் மந்தத்தைச் சுமந்து பறந்திருக்கிறது. ஜேஎஸ்பிசிம் இரண்டு அலகுகளையும் ஏற்கும் என்பதால் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. அலகின் பெயரை மட்டும் மாற்றினேன். அன்று மாலை வளைவிலிருந்து வெளியே வரும்போது இறக்கைகள் நான் நினைத்த இடத்தில் நின்றன. அந்த நிறைவை எழுத்தில் சொல்வது கடினம்.

பகிர்வு 3

நான் சந்தித்தது தரையில். நிறுத்தி வைத்திருக்கும்போதே மூக்குச் சக்கரம் நடுங்கும். தரையிறங்கினால் பந்துபோல் மூன்று முறை எம்பும். இறங்கும் வேகத்தைக் குறைத்தும் பயனில்லாமல் போனபோதுதான், சக்கரங்களுக்கான தொடுபுள்ளி வரிகளைப் பார்த்தேன். விமானம் நிற்கையில் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்க வேண்டும் என்ற இடத்தில் 0.03 அடி என்று இருந்தது. ஸ்பிரிங்கின் விறைப்பை சிமுலேட்டர் அந்த எண்ணிலிருந்தே கணக்கிடுகிறது. விமானத்தின் முழு எடையும் அரை அங்குலம்கூட அமுக்காத ஸ்பிரிங் என்றால் அது கிட்டத்தட்ட இரும்புத் துண்டுதான். நின்றிருக்கும் விமானத்தின் படங்களைப் பார்த்து அதை 0.25 அடியாக்கி, அதிர்வை அடக்கும் விகிதத்தை 0.1-இலிருந்து 0.6-க்கு உயர்த்தினேன். எம்புவது நின்றது. சக்கரங்களின் உயரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்; தொடக்க உயரம் கூடுதலாகக் குறிக்கப்பட்டிருந்தால், விமானம் ஒவ்வொரு முறை திரையில் தோன்றும்போதும் தரையில் விழுந்துதான் நிற்கும்.

பகிர்வு 4

கோப்பைத் திறக்கும் முன் கையில் உள்ள கருவியைச் சோதிக்குமாறு எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். ஓர் ஆட்-ஆனின் எலிவேட்டர் மிகையாக வினையாற்றுகிறது என்று நான் அதை உருவாக்கியவருக்கே நீண்ட கடிதம் எழுதினேன். அவர் பொறுமையாக, வேறு இரண்டு விமானங்களிலும் அதே சோதனையைச் செய்து பார்க்கச் சொன்னார். மூன்றிலும் ஒரே நடுக்கம். கருவி அளவீட்டுத் திரையைத் திறந்து பார்த்தால், நான் கையே வைக்காத ஜாய்ஸ்டிக்கின் கோடு தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. கையின் அசைவை மின் அளவாக மாற்ற உள்ளே இருந்த பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருந்தது. காந்தப் புலத்தைக் கொண்டு நிலையை அறியும் ஹால் உணரி உள்ள ஜாய்ஸ்டிக்கிற்கு மாறிய பிறகு துடிப்பு மறைந்தது.

அப்போதும் ஒரு கூர்மை மிச்சமிருந்தது. விமானத்தின் யோக் (விமானி பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கைப்பிடி) முன்னும் பின்னும் நகரும் தூரத்தோடு ஒப்பிட்டால், மேசை ஜாய்ஸ்டிக்கின் முனை நகரும் தூரம் மிகச் சிறிது. எலிவேட்டரின் முழு அசைவையும் அந்தச் சிறு தூரத்துக்குள் அடக்கும்போது கையின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எடை கூடிவிடுகிறது. நடுப்பகுதியில் மென்மையாக்கும் வளைவை அமைப்புகளில் வைத்தேன். அந்தக் குறை என் மேசையைச் சேர்ந்தது என்பதால், விமானத்தின் கோப்பில் அதைத் திருத்த முனையாதது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

பகிர்வு 5

நான் உண்மையான 172 விமானத்தில் பயிற்சி பெற்றவன். அதற்கு முன்பே சிமுலேட்டரில் பல ஆண்டுகள் பறந்திருந்தேன். அந்த நாள்களில் என் ஆட்-ஆன் விமானம், முழுச் சக்தியில் மேலேறும்போது இடப்பக்கம் இழுத்தது. அதைக் குறை என்று கருதி, புரொப்பெல்லரின் முறுக்குவிசைக்கும் பி-ஃபேக்டருக்கும் உரிய எண்களைச் சுழியமாக்கிவிட்டு நிம்மதியாகப் பறந்தேன். பயிற்சியின் முதல் நாளில் பயிற்றுநர் ஓடுதளத்திலேயே, "வலது ரடர், இன்னும் வலது ரடர்" என்று, மூக்கை வலப்பக்கம் திருப்பும் கால்மிதியை அழுத்தச் சொல்லிக்கொண்டே வந்தார். மூக்கை உயர்த்தி மெதுவான வேகத்தில் ஏறும்போது புரொப்பெல்லரின் கீழிறங்கும் தகடு காற்றைக் கூடுதல் கோணத்தில் வெட்டுவதால் வலப்பக்கம் அதிக உந்துவிசை பிறக்கிறது. மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது; இதுவே பி-ஃபேக்டர். நான் அழித்தது விமானத்தின் உண்மையான குணத்தை. என் வலது கால் அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரங்கள் ஆயின.

அதிலிருந்து, ஒரு குணத்தைக் குறை என்று எழுதும் முன் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்கிறேன்: இது கடினமாக இருக்கிறதா, அல்லது இது பொய்யாக இருக்கிறதா? கடினத்தை அளக்கச் சோதனை விமானிகள் பயன்படுத்தும் கூப்பர்-ஹார்ப்பர் அளவுகோல் எனக்கு உதவுகிறது. 1969-இல் நாசா வெளியிட்ட அந்த அளவுகோலில் 1 மிகச் சிறந்தது, 10 கட்டுப்பாடே இழந்த நிலை. "நன்றாக இல்லை" என்று எழுதுவதற்குப் பதிலாக, "குறிப்பிட்ட உயரத்தை 50 அடிக்குள் வைத்திருக்க முயன்றேன், ஓயாத திருத்தம் தேவைப்பட்டது" என்று வேலையையும் உழைப்பையும் சேர்த்து எழுதினால், அதைப் படிக்கும் ஆட்-ஆன் ஆசிரியருக்குத் தேட ஓர் இடம் கிடைக்கிறது. பொய்யா என்பதற்கு விமானத்தின் கையேடுதான் பதில் சொல்ல வேண்டும். உடலை அழுத்தும் விசை எதையும் நாற்காலியில் உணர முடியாத நாம், உணர்வை மட்டும் சாட்சியாக வைத்து ஒரு கோப்பைத் திருத்துவது நியாயமாகாது.

பகிர்வு 1 எழுதியவரின் மறுமொழி

எல்லோருக்கும் நன்றி. ஜாய்ஸ்டிக் பற்றி எழுதிய நண்பரின் சொல்லை ஏற்று என் கருவியையும் சோதித்தேன். கோடு அசையாமல் நின்றது.

திருத்திய விமானத்தில் இன்னொரு சோதனையும் செய்தேன். 100 நாட் வேகத்தில் ட்ரிம் செய்து, மூக்கை மெல்ல உயர்த்தி வேகம் 90 நாட்டாகக் குறைந்ததும் கையை எடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தேன். விமானம் மெதுவாக இறங்கி வேகம் பிடித்து, மீண்டும் ஏறி வேகம் இழந்து, அலைபோல் போனது. வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில் வேகத்தை எடுத்து 0.45-ஆல் பெருக்கினால் அந்த அலையின் ஒரு சுற்றுக்கு ஆகும் வினாடிகள் தோராயமாகக் கிடைக்கும் என்பது விமானவியல் முன்னோடி லான்செஸ்டர் காலத்திலிருந்து தெரிந்த கணக்கு. 100 நாட்டுக்கு அது 23 வினாடி. என் கடிகாரத்தில் முதல் சுற்று 25 வினாடி, இரண்டாவது 24. ஒவ்வொரு சுற்றிலும் அலையின் உயரம் குறைந்துகொண்டே வந்தது. பழைய கோப்பில் இதே சோதனையைச் செய்தபோது முதல் சுற்று முடியும் முன்பே மூக்கு கைமீறிப் போயிருந்தது.

பெருக்கெண்கள் அனைத்தும் இப்போது ஆட்-ஆன் ஆசிரியர் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. திருத்திய வரிகளையும் ஈர்ப்பு மையக் கணக்கையும் அவருக்கு அனுப்பியிருக்கிறேன். ஃப்ளாப்பை 10 பாகைக்கு இறக்கும்போது மூக்கு எவ்வளவு உயர வேண்டும் என்பது மட்டும் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. உண்மையான 172-இல் பறக்கும் நண்பர், அடுத்த முறை 80 நாட்டில் ட்ரிம் செய்துவிட்டு ஃப்ளாப்பை இறக்கி, கை வைக்காமல் வேகம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.