பத்தாம் நாள் பரணில் தோற்றுவிட்டேன்: சிகரெட் ஆசை எழும் அந்த ஐந்து நிமிடத்தை எப்படிக் கடப்பது?

மண்டூர்ப் பாதை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. வீடும் வயலும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். வேலை வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், களுவாஞ்சிகுடிப் பக்கத்து அலுவலகம் ஒன்றில். பத்தொன்பது வயதில் விளையாட்டாகத் தொடங்கிய சிகரெட் இப்போது ஒரு நாளைக்கு 15 என்ற கணக்கில் வந்து நிற்கிறது. பெட்டியாக வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை; கடையில் ஒவ்வொன்றாக வாங்குவதால் எவ்வளவு செலவாகிறது என்பதும் நெடுநாளாகக் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதுவரை மூன்று முறை நிறுத்த முயன்றேன். முதன்முறை எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஐந்துக்கு வந்து, அங்கிருந்து மறுபடி ஏறிவிட்டேன். இரண்டாம் முறை நான்கு நாட்கள் தாங்கினேன். மூன்றாவது முயற்சி சென்ற மாதம் நடந்தது. பத்து நாட்கள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. குருமண்வெளித் துறையில் பாதைக்காக, அதாவது வாவியைக் கடக்கும் மிதவைப் படகுக்காக, காத்து நிற்கும் நேரம்தான் முன்பெல்லாம் எனக்குக் கடினமானது, அதையே கடந்துவிட்டேன் என்ற பெருமையில் இருந்தேன். பத்தாம் நாள் இரவு வயலில் யானைக் காவலுக்காகக் கட்டிய பரணில் இருந்தபோது, கூட இருந்த மச்சான் தான் பற்றவைத்ததை வழக்கம்போல என்னிடமும் நீட்டினார். ஒன்றுதானே என்று வாங்கினேன். விடியும்போது ஆறு முடிந்திருந்தது.

வேளாண்மை விளைந்து வரும் இந்தக் காலத்தில் காவலுக்குப் போகாமல் இருக்க முடியாது. அந்த ஆசை எழும்போது என்ன செய்து அதைக் கடத்துவது? சிகரெட்டுக்குப் பதிலாக வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை போட்டால் பாதகமில்லை என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள், அது சரிதானா? மருந்து எதுவும் இருக்கிறதா? இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நான் நிறுத்த முயன்றதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தோற்றால் முகத்தை எங்கே வைப்பது என்ற எண்ணம்தான் காரணம்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

தம்பி, பத்து நாட்கள் தாங்கியதைத் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள். நிகோட்டினை நிறுத்தியவருக்கு எரிச்சல், அமைதியின்மை, தூக்கக் குழப்பம், மனம் ஒன்றாமை ஆகியவை முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆகவே உச்சத்தை நீங்கள் ஏற்கெனவே கடந்துவிட்டீர்கள். பத்தாம் நாள் உங்களை வீழ்த்தியதில் உடம்பின் பங்கு குறைவு. பரண், இருட்டு, மச்சானின் நீட்டிய கை ஆகிய மூன்றும் சேர்ந்து பல ஆண்டுகளாகப் பழக்கிவைத்த எதிர்பார்ப்பின் பங்கே அதிகம். பாதைத் துறைக்கு ஆயத்தமாகப் போனீர்கள், பரணுக்கு ஆயத்தமில்லாமல் போனீர்கள் என்பதே என் கணிப்பு.

உள்ளே இழுக்கும் நிகோட்டின் சில விநாடிகளில் மூளையை அடைகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. ஒரு நாளைக்கு 15 என்ற உங்கள் கணக்கு அந்த இறக்கத்தைத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டதன் விளைவுதான். ஆனால் ஒவ்வொரு தனி ஆசையும் எழுந்து, உச்சம் தொட்டு, அடங்குவதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். பத்து நிமிடத்தைத் தாண்டுவது அரிது. நீங்கள் புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் அது அடங்கும். பாதை அக்கரையிலிருந்து திரும்பி வரும்வரை நின்று பழகிய உங்களுக்கு அந்த நேரம் பெரிதல்ல. கடிகாரத்தைப் பார்த்து, ‘பத்து நிமிடம் கழித்து முடிவெடுக்கிறேன்’ என்று தள்ளிப்போடுங்கள். அந்த நேரத்தில் இருக்கும் இடத்தைவிட்டு எழுந்து நடங்கள், தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். பரணுக்கு ஓடு உடைக்காத கச்சான் (நிலக்கடலை) கொண்டுபோங்கள். கையும் வாயும் சேர்ந்து வேலை கேட்பதால் சொல்கிறேன், கடையில் விற்கும் உடைத்த பருப்பு இதற்கு உதவாது.

வெற்றிலைக்கு வருகிறேன். அந்த ஆலோசனையை ஏற்க வேண்டாம். வாயில் போடும் புகையிலையிலும் அதே நிகோட்டின்தான் இருக்கிறது, ஆகவே அடிமைத்தனம் அப்படியே தொடரும். புகையிலை சேர்க்காத பாக்கைக்கூடச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. வாய்ப் புற்றுநோயோடு வார்டுக்கு வந்தவர்களுக்கு நான் பணிவிடை செய்திருக்கிறேன். அதற்குமேல் இங்கே எழுத விரும்பவில்லை.

பலர் அறியாத ஒன்று தேநீர் பற்றியது. சிகரெட் புகையில் உள்ள சில இரசாயனங்கள் ஈரலில் கஃபீனை உடைக்கும் நொதியைத் தூண்டிவிடுகின்றன. புகைத்தலை நிறுத்தியதும் அந்தத் தூண்டல் குறைந்து, நீங்கள் குடிக்கும் அதே அளவு தேநீரின் கஃபீன் உடம்பில் கூடுதலாகத் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும்போது, சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று எண்ணி மறுபடி புகைப்பவர்கள் உண்டு. முதல் சில வாரங்கள் தேநீரைப் பாதியாகக் குறையுங்கள். மனநோய்க்கான சில மருந்துகளும் இதே நொதியால் உடைக்கப்படுவதால், அத்தகைய மருந்து எடுப்பவர்கள் நிறுத்துவதற்கு முன்னரே தங்கள் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மருந்து இருக்கிறது. நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை ஆகியவை புகையின் நஞ்சுகள் இல்லாமல் நிகோட்டினை மட்டும் சிறிய அளவில் கொடுத்து, பின்னர் அதையும் குறைத்து நிறுத்த உதவுகின்றன. காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் கம், அதற்குப் பின் பற்றவைப்பவருக்கு 2 மில்லிகிராம் கம் என்பது பொது வழக்கம். அதைச் சாதாரணக் கம் போலச் சப்பிக்கொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிவும்தான் மிஞ்சும். மிளகு போன்ற காரம் தெரியும்வரை மெதுவாகச் சப்பி, கன்னத்துக்கும் முரசுக்கும் (பல் ஈறு) இடையில் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மீண்டும் சப்ப வேண்டும். அதற்கு 15 நிமிடத்துக்கு முன்னரும், கம் வாயில் இருக்கும்போதும், தேநீரோ சோடாவோ குடித்தால் நிகோட்டின் வாயின் உட்தோலில் சரியாக உறிஞ்சப்படாது. வரெனிக்ளின், புப்ரோப்பியொன் என்ற மாத்திரைகளும் உள்ளன. அவற்றை வைத்தியர் எழுதித் தரும் மருந்துத் துண்டு இல்லாமல் எடுக்கக்கூடாது, வலிப்பு நோய் உள்ளவருக்குப் புப்ரோப்பியொன் ஆகவே ஆகாது. நிறுத்தும் நாளைக் குறிப்பதற்கு முன், எந்த மருந்தகத்தில் எது கையிருப்பில் உள்ளது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தமிழில் பேசுபவர் வேண்டுமென்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்.

அக்கரைப்பற்றுக் காக்கா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், மற்றைய உறவுகளுக்கு வணக்கம். நான் நிறுத்தி ஆறு வருடமாகிறது. அதற்கு முன் ஒரு நாளைக்கு 20 வரை புகைத்தவன்.

நோன்பு காலத்தில்தான் என் ஆசையின் குணத்தை நான் அறிந்துகொண்டேன். விடியுமுன் ஸஹர் உணவு முடிந்து, நோன்பு திறக்கும் மஃரிப் வரை பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் இல்லாமல் இருப்பேன். பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைக்காரர் பக்கத்தில் நின்றாலும் மனம் அசையாது. ஆனால் பாங்கு சொல்வதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கை நடுங்கத் தொடங்கும். நிகோட்டின் குறைந்ததுதான் காரணம் என்றால் அந்த நடுக்கம் பகல் முழுவதும் கூடிக்கொண்டே போயிருக்க வேண்டும் அல்லவா? கிடைக்காது என்று திட்டமாகத் தெரிந்த நேரத்தில் அது சும்மா கிடந்தது, கிடைக்கப்போகிறது என்று தெரிந்ததும் எழுந்து நின்றது. ஆகவே தம்பி, ‘ஒன்றுதானே’ என்ற வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு ஆசையோடு போராடுவது வீண் வேலை.

ஒரு வருடம் அந்த முப்பது நாளையும் பயன்படுத்தி இரவிலும் புகைக்காமல் இருந்துவிட்டு, பெருநாளன்று கடற்கரையில் கூட்டாளிமாரோடு நின்றபோது விழுந்தேன். அடுத்த வருடம் பெருநாளுக்கு முன்னரே அந்தக் கூட்டாளிமார் நால்வரிடமும் ஒவ்வொருவராகப் போய், ‘நான் கேட்டாலும் தரவேண்டாம்’ என்று சொன்னேன். மூவர் சிரித்தார்கள், நாலாமவர் மட்டும் அதைத் தன்னை நம்பி ஒப்படைத்த அமானிதமாக எடுத்துக்கொண்டார். அந்த ஒருவரே போதுமாக இருந்தார். கடைக்காரரிடமும் சொல்லி வைத்தேன். அவர் வியாபாரி, ஆகவே நேர்மையாகப் பேசினார்: ‘ஒருமுறை மறுப்பேன் காக்கா, இரண்டாம் முறை கேட்டால் தந்துவிடுவேன்’ என்றார். இரண்டாம் முறை கேட்க வெட்கமாக இருந்ததால் இரு தடவை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். ஒவ்வொன்றாக வாங்குபவர்களுக்கு இந்த வழி நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் நமக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து முறை கடை வாசல் ஏற வேண்டியிருக்கிறது.

சிகரெட்டுக்குப் போன காசைக் கணக்குப் பார்த்து ஒரு சீட்டில் சேர்ந்தேன். மாதம் பிறந்தால் பணம் கட்டியே ஆக வேண்டும், ஆகவே புகைக்கக் கையில் காசு மிஞ்சவில்லை. நான்கைந்து கிலோ உடம்பு போட்டது உண்மை. மருந்து எதுவும் எடுக்கவில்லை. மனவுறுதி இருந்தால் மருந்து தேவைப்படாது என்பது என் எண்ணம்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

காக்கா, உங்கள் நோன்பு அனுபவம் மிக நல்ல பாடம். ஆனால் கடைசி வரியோடு உடன்பட முடியவில்லை. நிகோட்டின் மாற்று மருந்துகள் வெற்றிபெறும் வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று முறை முயன்றவருக்கு மனவுறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் போடுபவரிடம் நாம் மனவுறுதி பற்றிப் பேசுவதில்லையே.

வாவிக்கரை வீட்டுக்காரி எழுதியது:

இங்கே புகைத்தவர்களும் தாதி அக்காவும்தான் எழுதுகிறார்கள், பக்கத்தில் இருப்பவரின் நிலையையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். என் கணவர் நிறுத்தி 14 மாதங்கள் ஆகின்றன. அதற்கு முந்திய முயற்சியில் நான் உதவுவதாக எண்ணிக்கொண்டு ஒவ்வொரு மாலையும் அவருடைய சேர்ட்டை முகர்ந்து பார்த்தேன். ஒரு நாள் மணத்தது. பிள்ளைகளுக்கு முன்னால் சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் ஒளித்துப் புகைத்தார், நானும் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

அடுத்த முறை அவராகவே வந்து என்னிடம் மூன்று விடயங்கள் கேட்டார். புகைத்தாயா என்று கேட்கக்கூடாது. முதல் இரண்டு வாரம் எரிந்து விழுந்தால் அதைப் பெரிதுபடுத்தக்கூடாது. அவர் தொலைபேசியில் அழைத்தால் சிகரெட்டைத் தவிர வேறு எதையாவது பேச வேண்டும். வேலை முடிந்து கல்லடிப் பாலத்தருகே வரும்போது, பின்னேரம் ஐந்து மணிக்கு, தினமும் அழைப்பார். மீன் என்ன விலை, மூத்தவளுக்குக் கணக்கில் எத்தனை புள்ளி, அடுத்த வீட்டுக் கோழி எங்கள் கீரைப் பாத்தியைக் கிளறியது என்று நான் பேசிக்கொண்டே இருப்பேன். சில நாள் அவர் ‘ம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு பாலத்தைக் கடந்துவிடுவார். இரண்டு மாதத்தில் அந்த அழைப்பு நின்றுபோனது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது கொஞ்சம் குறையாகவே இருந்தது.

உங்கள் மனைவிக்குத் தெரியாது என்று எண்ணாதீர்கள் அண்ணா. அந்தப் பத்து நாளும் உங்கள் உடுப்பில் மணம் இல்லாததை அவர் கட்டாயம் கவனித்திருப்பார்.

மண்டூர்ப் பாதை எழுதியது:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. சகோதரி எழுதியதை வாசித்துவிட்டு நேற்றிரவு மனைவியிடம் பேசினேன். பதினொன்றாம் நாள் காலையில் நான் பரணிலிருந்து வந்தபோதே தெரிந்துகொண்டதாகவும், நானாகச் சொல்லட்டும் என்று இருந்ததாகவும் சொன்னார். என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். பரணில் இருக்கும்போது நடுச்சாமத்தில் அழைத்தால் எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். தாதி அக்கா சொன்னபடி தேநீரையும் பாதியாக்கியிருக்கிறேன். ஆனால் காவலில் விழித்திருக்க வேண்டுமே என்பதால், நள்ளிரவுக் கோப்பையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

அறுவடை முடியட்டும் என்று முதலில் நினைத்தேன். அப்படித் தள்ளிப்போட்டால் அடுத்த விதைப்புக்கும் ஒரு காரணம் பிறந்துவிடும் என்பதால் வருகிற வெள்ளிக்கிழமையைக் குறித்திருக்கிறேன். 4 மில்லிகிராம் கம் பற்றி நாளை மட்டக்களப்பு நகரில் விசாரிக்கப் போகிறேன். மச்சானிடமும் சொன்னேன். தான் புகைப்பதை நிறுத்த முடியாது, ஆனால் பரணில் இருந்து இறங்கித் தள்ளிப்போய்ப் புகைப்பதாக ஒப்புக்கொண்டார். யானை வரும் இருட்டில் அடிக்கடி இறங்க அவருக்கும் மனம் வராது என்று நினைக்கிறேன்.