ஃபவுல் விசிலும் நாமும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கூடைப்பந்து ஆடியவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள், யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

பால்மரத்துப் பையன்:
எங்கள் தோட்டத்தில் பந்து என்றாலே காற்பந்துதான். கூடைப்பந்துக்குச் சீனர் புதுக்கிராமத்துச் சிமெண்ட் திடல்வரை சைக்கிள் மிதிக்க வேண்டும். அங்கே வயதான அங்கிள் ஒருவர் கழுத்தில் விசிலோடு நிற்பார். ஒருநாள் என் கூட்டாளி பந்தோடு பாய்ந்து, எதிரே நின்றவனைச் சாய்த்துவிட்டான். ஃபவுல் இவனுக்கு! "பந்து என்னிடம்தானே இருந்தது?" என்று துள்ளினான். அங்கிள் தம் ஜப்பான் சிலிப்பர் இரண்டையும் கழற்றி, விழுந்தவன் நின்ற இடத்தில் வைத்தார். "இந்தக் கால்கள் முன்பே இங்கே இருந்தன. அவன் உன்னைப் பார்த்தபடிதான் நின்றான். வந்து இடித்தது நீ," என்றார் மலாயில். பிறகு சிலிப்பரைச் சற்று நகர்த்தினார். நீ எழும்பிக் காற்றில் இருக்கும்போது அவன் இங்கே நுழைந்திருந்தால் ஃபவுல் அவனுக்கு. கையை நேர்மேலே தூக்கலாம், நின்ற இடத்திலேயே குதிக்கலாம். முன்னால் சாய்ந்து இடித்தால் தொலைந்தான்.

மேசை அக்கா:
தம்பிக்கு நல்ல வாத்தியார் கிடைத்திருக்கிறார்! நான் பள்ளிப் போட்டிகளில் கணக்கு மேசையில் உட்கார்ந்தவள். ஃபவுல் விழுந்ததும், அது அந்த ஆட்டக்காரருக்கு எத்தனையாவது என்று எண் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நான்குவரை கறுப்பு, ஐந்து மட்டும் சிவப்பு. ஐந்தைத் தொட்டவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. 30 விநாடிக்குள் மாற்று ஆள் இறங்க வேண்டும். "டிவியில் ஆறு என்கிறார்களே!" என்று சண்டைக்கு வருவோர் எப்போதும் உண்டு. அமெரிக்காவின் என்பிஏ ஆட்டம் 48 நிமிடம், அங்கே ஆறு. நாம் ஆடுவது உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதி, 40 நிமிடம், ஐந்துதான்.

இதைவிடப் பெரிய கூச்சல் அணிக் கணக்கில். ஒரு கால்பகுதியில் அணிக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டால், அதன்பின் தடுக்கும்போது செய்யும் சாதாரண ஃபவுலுக்குக்கூட எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு. செம்பனைத் தோட்டத்திலிருந்து லாரியில் வந்த அப்பா ஒருவர், "அவன் எறியவே இல்லையே, எதற்கு இந்தத் தானம்?" என்று வேலியைப் பிடித்து உலுக்கினார். அணிக்கு நான்கு ஆகிவிட்டது என்று மேசை ஓரத்தில் நிறுத்திவைத்த சிவப்பு அடையாளத்தைக் காட்டி விளக்கினேன். "அதை ஒலிபெருக்கியில் சொல்லித் தொலைக்கக் கூடாதா, அம்மா?" என்றார். நியாயம்தான்.

பழைய ஆட்டக்காரன்:
ஐந்துக்கே இப்படியா, அக்கா? கூடைப்பந்தை உருவாக்கிய நைஸ்மித் 1891இல் எழுதிய 13 விதிகளில், இரண்டாவது ஃபவுலோடு வெளியே போக வேண்டும். அடுத்த கோல் விழுந்த பிறகுதான் உள்ளே வரலாம். ஓர் அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல். எங்கள் தோட்டத்து அணி அந்தக் காலத்தில் ஆடியிருந்தால் எதிரணி வியர்க்காமலே ஜெயித்திருக்கும்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நான்கு ஃபவுலோடு இருக்கும் நல்ல ஆட்டக்காரனை உட்கார வைப்பீர்களா? எங்கள் பயிற்றுநர் வைப்பார், கடைசி கால்பகுதியில் இறக்குவார். அதற்குள் எதிரணி எட்டாத தூரம் போயிருக்கும். நானாக இருந்தால் ஆடவிடுவேன். உங்கள் பக்கம் என்ன செய்தார்கள்?